கொடிக்கட்டு என் மேசைக்கு வந்த வருடங்கள்

முதல் வருடம் அந்தக் கட்டு என் மேசைக்கு வந்தபோது நவம்பர் கடைசி வாரம். பழுப்புத் தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தது. பிரித்தால் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று பட்டை போட்ட சின்னச் சின்னக் காகிதக் கொடிகள், கொஞ்சம் கார் கொடிகள், ஒரு ரசீதுக் கட்டு, மேலே சுற்றறிக்கை. சுற்றறிக்கையின் பட்டியலில் எங்கள் அலுவலகத்தின் பெயருக்கு எதிரே ஒரு தொகை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7ஆம் தேதியும் படைவீரர் கொடிநாள். அதற்கான வசூல் மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஒவ்வொரு துறைக்கும் இலக்கு போட்டு இறங்கி வரும். கொடியின் மூன்று நிறமும் முப்படைகளுக்கு.

டெல்டா மாவட்டம் ஒன்றில், பொதுமக்கள் தினமும் வந்துபோகும் ஓர் அலுவலகத்தில் அப்போது நான் உதவியாளர். எனக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவர் சார்ஜ் கொடுத்துவிட்டுப் போகும்போது சொன்னது இவ்வளவுதான். "இதுல மண்டைய உடைக்காதம்மா. வர்ற பார்ட்டிங்க சட்டைல ஒண்ணு ஒண்ணா குத்திவிடு. பத்து நாள்ல முடிஞ்சிரும்."

நானும் குத்தினேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஒரு பெரியவர் வந்தார். மூன்று நடை நடந்திருப்பார் போல, மஞ்சள் பையில் காகிதங்களை நைலான் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். நான் கொடியை நீட்டியதும், "கட்டாயமாம்மா?" என்று கேட்டார். நான் "கொடிநாள்ங்க ஐயா" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். வேட்டி மடிப்பை அவிழ்த்து ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தார். கொடியைச் சட்டையில் குத்திக்கொள்ளவில்லை. கையிலேயே பத்திரமாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதக் காட்டினா அடுத்த டேபிள்ல மறுபடி கேக்க மாட்டாங்கல்ல?"

அவர் கணக்கில் அது லஞ்சம். கொடி அதற்கு நான் கொடுத்த ரசீது. நான் பதறிப்போய் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் இன்னும் பயந்துவிட்டார், தொகை பத்தவில்லையோ என்று. அன்றைக்கு அவருடைய வேலையை நானே கூட நடந்து முடித்துக் கொடுத்தேன். அதனால் அவர் ஊருக்குப் போய் ஐம்பது ரூபாய்க்கு வேலை முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்த வருடத்திலிருந்து கவுன்ட்டரில் கொடி கிடையாது என்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் இருக்கும் நாற்பத்து மூன்று பேரிடம் மட்டுமே கேட்பது. கிடைப்பது கிடைக்கட்டும்.

சொல்வது சுலபம். முதலில் சுற்றறிக்கை விட்டுப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பேரும் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பைசா வரவில்லை. அரசு ஊழியர் ஒரு காகிதத்தைப் பார்த்ததும் கை தானாக ஒப்பம் போடும், மனசுக்கு அது போய்ச் சேராது. பிறகு ஒரு முழுநீளத் தாளில் கோடு போட்டு, பெயர், தொகை, கையொப்பம் என்று மூன்று கட்டம் எழுதி, மேலே அதிகாரியிடம் முதல் தொகையை வாங்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். அதிகாரி 500 போட்டிருந்தார். கண்காணிப்பாளர்கள் 300. அதற்குக் கீழே எல்லாரும் 200. ஒருவர்கூட 210 போடவில்லை. மேலே இருப்பவரைத் தாண்டிப் போடக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குக் குறைந்தும் போடக் கூடாது. வசூல் நன்றாகத்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து, எங்கள் அலுவலக உதவியாளர் அம்மா அந்த 200ஐ டைப்பிஸ்டிடம் கைமாற்று வாங்கிப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அவர் கணவர் படுக்கையில் கிடந்த சமயம் அது. "எல்லாரும் போடறப்ப நான் மட்டும் எப்படி மேடம்" என்றார். தாளில் அவர் கையெழுத்து மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக, நிதானமாக இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாவது வருடம்தான் கவர் யோசனை வந்தது. அதைச் சொன்னது சங்கச் செயலாளர். கொடி வசூலே கூடாது, அது மறைமுகக் கட்டாயம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் அவர். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்ததால் நான் வாதாடவில்லை. "அப்ப எப்படிக் கேட்டா கட்டாயம் இல்லாம இருக்கும், நீங்களே சொல்லுங்க சார்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியக் கூடாது. முக்கியமா ஆபீசருக்குத் தெரியக் கூடாது" என்றார்.

அப்படியே செய்தோம். நாற்பத்து மூன்று கவர், நாற்பத்து மூன்று கொடி. எல்லார் மேசையிலும் ஒன்று. பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் கவரை ஒட்டி, ரெக்கார்டு ரூம் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ரசீது வேண்டுகிறவர்கள் மட்டும் உள்ளே ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதலாம். பிரிக்கும்போது நானும் செயலாளரும் மட்டும். இதில் உயிர்நாடி, எல்லாரும் கவர் போட வேண்டும் என்பதுதான். வெறும் கவரும் மற்ற கவரைப் போலவே விழும். முதல் தடவை ஆறு வெறும் கவர் இருந்தது. பத்து ரூபாய் கவர் உண்டு. 1,000 ரூபாய் இருந்த கவர் ஒன்றும் உண்டு, அது அதிகாரியுடையது இல்லை என்று மட்டும் எனக்குத் தெரியும், அவர் அந்த வாரம் முழுக்க கேம்ப். மொத்தத்தில் முந்தின வருடத் தாளைவிடக் கொஞ்சம் குறைவு. அதற்கு அடுத்த வருடம் தாண்டிவிட்டது. கோடு போட்ட தாளை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

பணத்தை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பாடம் கற்றேன். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் காலையில் வந்ததும் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். நாங்கள் அதைக் கைப்பணப் பதிவேடு என்போம். லஞ்ச ஒழிப்புத் துறை சோதனைக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். பதிவேட்டில் இல்லாத பணம் மேசை இழுப்பறையில் இருந்தால் அது கணக்கில் வராத பணம், அவ்வளவுதான். கொடிநாள் பணம் என்று நாம் வாயால் சொல்வது அங்கே எடுபடாது. நான் ஒரு வருடம் எட்டாயிரம் சொச்சத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு நான்கு நாள் லீவில் போய்விட்டேன். திரும்பி வந்ததும் கேஷியர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன் பிறகு பிரித்த அன்றே எண்ணி, தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலை கட்டிவிட்டு, செலுத்திய சீட்டின் நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவது. பெயர் எதுவும் இருக்காது. மொத்தத் தொகை, கவர்கள் எத்தனை, கட்டிய தேதி, இவை மட்டும். அந்த நகலைப் பலர் நின்று படிப்பார்கள். சுற்றறிக்கையை அப்படி யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, நாள். டிசம்பர் 7 என்று சுற்றறிக்கை சொல்லும். நமக்குச் சம்பளம் மாதத்தின் கடைசி வேலை நாளில் விழும். ஒன்றாம் தேதி கவர் வைத்தால் ஒரு மனசு, பதினைந்தாம் தேதி வைத்தால் இன்னொரு மனசு. அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இப்போது ரெக்கார்டு கிளார்க் அண்ணன் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் எங்கள் துறைக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார். கோப்பு கேட்டால் மூன்று நிமிடத்தில் வரும், வேறு எந்த அலுவலகத்திலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. நான்காவது வருடம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. டிசம்பர் முதல் தேதி எல்லாரையும் ஹாலில் கூட்டி இவரைப் பேச வைத்தால் என்ன? பார்டர் அனுபவம், பனி, பிரிவு என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதுமே, கவர் கனமாகிவிடாதா? அவரிடம் போய்க் கேட்டேன். கோப்பைத் தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே, "என்னையக் காட்டிக் காசு கேக்காதீங்க மேடம்" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து டீக்கடையில் அவராகவே ஆரம்பித்தார். "நான் பென்ஷன்காரன் மேடம். எனக்கு ஒண்ணும் வேண்டாம். பதினஞ்சு வருசம் முடிக்காம வந்தவன் கதைதான் கஷ்டம்" என்றார். சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பதினைந்து வருடச் சேவை இருந்தால்தான் சாதாரணமாக ஓய்வூதியம். ஏழு, எட்டு வருடத்தில் வெளியே வந்தவர்களுக்கு மாதாமாதம் எதுவும் வராது. அப்படிப்பட்டவர்களில் 65 வயது தாண்டிய, ஹவில்தாரும் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வறுமை நிலை உதவித்தொகை என்று ஒன்று உண்டு. மத்தியில் கொடிநாள் நிதியின் ஓர் அங்கமாக இருக்கும், பாதுகாப்பு அமைச்சர் பெயரிலான நல நிதியிலிருந்து அது போகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு என்றும் உதவிகள் உண்டு. நான்கு வருடமாகக் கொடி கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. கேட்டவர்களுக்கு "நாட்டுக்காக" என்று சொல்லி வந்தேன்.

அந்த வருடம் கவருக்குள் கொடியோடு ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன். யாருக்கு என்ன உதவி உண்டு, மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது, என்ன காகிதங்கள் கொண்டுபோக வேண்டும் என்று. பணம் கேட்கும் வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் எங்கள் ஜீப் டிரைவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய பெரியப்பா எழுபதுகளில் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓடியாடிப் பிழைத்தவர், டிஸ்சார்ஜ் புத்தகம் பரணில் தகரப் பெட்டியில் கிடக்கிறது என்றார். ரெக்கார்டு அண்ணன்தான் கூடப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பல மாதம் அலைந்தார்கள், இழுபறிதான், கடைசியில் கிடைத்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நம் ஆபீசில் போட்ட நூறு ரூபாய் நேரே அந்தப் பெரியப்பாவின் கைக்குப் போனது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நிதி அப்படி ஓடுவதில்லை. ஆனால் அது போய்ச் சேரும் முகம் எப்படி இருக்கும் என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

விதிமுறை பற்றி ஒரு சந்தேகம் எல்லா அலுவலகத்திலும் எழும், எங்களிடமும் எழுந்தது. அரசு ஊழியர் நிதி வசூலிக்கலாமா? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964இல் 12ஆம் விதி முன் அனுமதி இல்லாமல் நன்கொடை கேட்பதையோ வசூலோடு சேர்ந்துகொள்வதையோ தடுக்கிறது. கொடிநாள் வசூலில் தானாக முன்வந்து பங்கெடுப்பதற்கு மட்டும் தனி அனுமதி தேவையில்லை என்று விளக்கம் இருக்கிறது. மாநில ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தனி. எனவே கொடிநாளைப் பார்த்துவிட்டு, அதே பெட்டியில் கோயில் கும்பாபிஷேகத்துக்கோ நண்பரின் டிரஸ்டுக்கோ கவர் வைக்க ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். எங்கள் செயலாளர் ஒருமுறை ஆர்வத்தில் கிளம்பினார், நான் விதிப் புத்தகத்தை அவர் மேசையில் வைத்தேன்.

2018 தனியாகச் சொல்ல வேண்டிய வருடம். ஆகஸ்டில் கேரள வெள்ளம். எங்கள் அலுவலகத்தில் பாய், பெட்ஷீட், அரிசி, நாப்கின் என்று மூட்டை கட்டி அனுப்பினோம், யாரும் கேட்காமலே. அடுத்து கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. சாலரி சேலஞ்ச் என்று பெயர். கொடுக்க விருப்பம் இல்லாதவர் அதை எழுதித் தர வேண்டும் என்று ஆணையில் இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, அரசு உச்ச நீதிமன்றம் போனது, அக்டோபர் கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. எங்கள் டீக்கடையில் இரண்டு நாள் இதே பேச்சு. கொடுக்கிறவன் எழுதிக் கொடுக்கலாம், கொடுக்க முடியாதவனை எழுதச் சொன்னால் அது தண்டனை என்றார் செயலாளர். கைமாற்று வாங்கி 200 போட்ட அம்மா அப்போது பக்கத்தில்தான் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 16 அதிகாலை கஜா. வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்கள் ஊழியர்களில் பாதிப்பேர் குடியிருக்கும் கிராமங்களின் மேல் அப்படியே போனது. ஓடு போனவர்கள், ஓலைக் கொட்டகை போனவர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த இரண்டு பேர் ஒரு வாரம் பேசவே இல்லை. காய்க்கிற மரம் விழுந்தால் அடுத்த மரம் காய்க்க எத்தனை வருடம் என்று தோப்புக்காரர்களுக்குத் தெரியும். வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. நாங்கள் பகலில் நிவாரணக் கணக்கெடுப்பு, இரவில் மெழுகுவர்த்தி. கேரளாவிலிருந்து நிவாரண லாரிகள் வந்தன. அந்த நேரத்தில் வழக்கம் போலப் பழுப்புத் தாள் கட்டும் வந்து சேர்ந்தது.

நான் கவர் வைக்கவில்லை. பெட்டியை மட்டும் அதன் இடத்தில் வைத்து, பக்கத்தில் கொடிகளை ஒரு தட்டில் வைத்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. இலக்கில் பாதி வரவில்லை. மேலிடத்துக்கு விளக்கம் எழுதும்போது புயலின் பெயரை ஒரு வரியில் எழுதினேன், திரும்பக் கேள்வி வரவில்லை. தென்னை போன இரண்டு பேரில் ஒருவர் அந்தத் தட்டிலிருந்து கொடி எடுத்துக் குத்திக்கொண்டு போனதைப் பார்த்தேன். பெட்டியில் எதுவும் போட்டாரா என்று பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

பேரிடர் காலத்தில் ஒரு நாள் ஊதியப் பிடித்தம் என்று வரும்போது நான் கடைப்பிடித்தது இதுதான். சங்கங்கள் அறிவிக்கும், ஆணை வரும், சம்பளப் பட்டியல் தயாராகும். பட்டியல் கருவூலத்துக்குப் போன பிறகு "எனக்குப் பிடிக்காதீங்க" என்று வருகிறவர்களைக் கடிந்து பயனில்லை, அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம் வாங்கிவிட வேண்டும். சம்மதித்தவர் மட்டும் எழுத வேண்டும், மற்றவர் எழுத வேண்டியதில்லை. வரி பற்றி எல்லாரும் கேட்பார்கள். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் 80ஜி பிரிவில் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு என்று நாங்கள் சொல்லி வந்தோம். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது, இப்போது பெரும்பாலோர் புதிய முறையில்தான் இருக்கிறார்கள். ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தாலும் கழிவு கிடையாது. வரிச் சலுகையைக் காட்டி நன்கொடை கேட்கப் போய், மார்ச்சில் கணக்குப் போடும்போது "நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்று ஒருவர் வந்து நின்றார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

பிரிவுக்குப் பிரிவு போட்டி வைக்கலாம், யார் முதலிடம் என்று போர்டில் எழுதலாம் என்று ஒரு இளைஞர், புதிதாகத் தேர்வாணையத்தில் தேறி வந்தவர், ஒருமுறை சொன்னார். நல்ல பிள்ளை. ஏழு பேர் பிரிவில் ஆறு பேர் சேர்ந்து ஏழாவது ஆளை என்ன பாடு படுத்துவார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருந்தால் நம்புவார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின டிசம்பரில் கவர்களைப் பிரிக்கும்போது ஒன்று வெறும் கவராக இருந்தது, உள்ளே துண்டுச் சீட்டு மட்டும்: "பொங்கல் போனசில் தருகிறேன்." கையெழுத்து பெரிதாக, நிதானமாக இருந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார், நான் சீட்டை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் பணத்தைக் கட்டிக் கணக்கை முடித்தாயிற்று. ஜனவரி இரண்டாம் வாரம் காலையில் வந்தால் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கவர். முந்நூறு ரூபாய். கொடிநாள் கணக்கு முடிந்துபோனதால் மறுபடி ஒரு தனிச் சீட்டு போட்டுக் கட்ட வேண்டும், ரசீதில் பெயர் எழுத வேண்டும். நல அலுவலகத்தில் இருந்த தம்பி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பேரு சொல்லுங்க மேடம்" என்றார். "பணியாளர் ஒருவர்னு போடுங்க தம்பி" என்றேன். அப்படிப் போட முடியாது என்று அவர் சொல்ல, போட முடியும் என்று நான் சொல்ல, பத்து நிமிடம் போனது.